ஓடினால் கெடாது, வெந்தால் கெடும்

லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருப்பது பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்கிறார்கள். சிலருக்கு ஆபீஸ் பயம், சிலருக்கு வீட்டு பயம். ஆகவே எல்லோருக்கும் புனைபெயர்.

'தூங்கா விளக்கு', தாம்பரம்
பொங்கலுக்கு முன்னால் ஆன் செய்த லேப்டாப். இன்று வரை அணைக்கவில்லை. கெட்டுப்போகுமா சார்?

ஓடுவதால் கெடாது, வெந்தால் கெடும். பிராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி. எதிலும் அசைகிற பாகம் கிடையாது. சும்மா ஆனில் இருப்பதால் மட்டும் அவை பெரிதாகத் தேய்ந்துவிடுவதில்லை. தேய்கிற சாமான் இரண்டு: ஃபேனும் பேட்டரியும். பழைய மாடல் என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து மூன்று. மூன்றுக்கும் பொதுவான எமன் சூடு. எத்தனை நாளாக ஓடுகிறது என்று காலண்டரைப் பார்க்காதீர்கள்; அடியில் கை வைத்துப் பாருங்கள். மேசை மேல், காற்றோட்டமாக, ஃபேன் சத்தமே இல்லாமல் கிடந்தால் அடுத்த பொங்கல் வரைகூட ஓடட்டும். மெத்தை மேல் வைத்துப் போர்வையும் போர்த்தினால் அமாவாசை தாண்டுவதே சந்தேகம்.

'செல்லப் பிள்ளை', தஞ்சாவூர்
'மிஷினுக்கும் ஓய்வு கொடுடா' என்று ராத்திரி ஒரு மணிக்கு அம்மா திட்டுகிறார். லேப்டாப்புக்கு எதற்கு ஓய்வு?

லேப்டாப்பைச் சாக்காக வைத்து உங்களைத்தான் சொல்கிறார். தூங்கப் போங்கள்.

'எப்போதும் பிளக்கில்', கோவை
24 மணி நேரமும் சார்ஜர் செருகியே இருக்கிறது. ஓவர் சார்ஜ் ஆகி வெடிக்கும் என்கிறார் பக்கத்து சீட்காரர்.

ஓவர் சார்ஜ் ஆகாது. நிரம்பியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும்; அதற்கப்புறம் லேப்டாப் நேராக சார்ஜரில் ஓடும். சிக்கல் நிரம்பி வழிவதில் இல்லை, நிரம்பியே கிடப்பதில். லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சூடும் சேர்ந்துகொண்டால் வேகமாகச் சிதையும்.

கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தார் நடத்தும் 'பேட்டரி யுனிவர்சிட்டி'யில் ஓர் அட்டவணை உண்டு. 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்ததில் 65 சதவீதம்தான். 25 டிகிரி என்பது அவர்கள் ஊர் அறை வெப்பம். 40 என்பது நம் ஊர் மே மாதம், அதுவும் வீட்டுக்குள்.

மருந்து சுலபம். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் செயலியிலேயே வைத்திருக்கின்றன. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசஸில் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்று பெயர்தான் வேறு. பக்கத்து சீட்காரரிடம் சொல்லுங்கள்: வெடிக்காது, சீக்கிரம் வயதாகும்.

'பழைய பஞ்சாங்கம்', கும்பகோணம்
மாதம் ஒரு முறை சார்ஜைச் சுத்தமாக இறக்கி ஏற்றினால் பேட்டரி நீண்ட நாள் வருமாமே?

அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துச் சாஸ்திரம். சோனி நிறுவனம் லித்தியம் அயானை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். பேட்டரி மாறி 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சாஸ்திரம்தான் மாறவில்லை. லித்தியத்துக்குப் பூஜ்யம் வரை இறங்குவதே ஆகாது. 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்தால் மட்டும் ஒரு தடவை முழுசாக இறக்கி ஏற்றுங்கள். அதுகூட பேட்டரிக்கு வைத்தியம் இல்லை, சதவீதம் காட்டும் கணக்குக்கு வைத்தியம். இந்தப் பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குடினஃப்புக்கு அப்போது வயது 97. ஆயுளைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

'மெழுகுதிரி', யாழ்ப்பாணம்
80 வீதத்தோடு நிப்பாட்டச் சொல்லுறீங்கள். 2022-இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த சனம் நாங்கள். 100 இல்லாமல் எப்படி நித்திரை வரும்?

உங்களுக்கு 100தான். பேட்டரி நமக்காக; நாம் பேட்டரிக்காக இல்லை. மின்வெட்டு அறிவிப்பு வந்த நாளில் வழிய வழிய நிரப்புங்கள், மற்ற நாளில் 80 போதும். பேட்டரியைக் கொஞ்சம் முன்னதாக மாற்றும் செலவு, பாதியில் நின்ற வேலையின் செலவைவிடக் குறைவு. இன்னொன்று: வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் யு.பி.எஸ். தனியாக வாங்க வேண்டும், உங்களுடையதற்கு அது வயிற்றிலேயே இருக்கிறது.

'சிறு வீக்கம்', திருச்சி
டச்பேடை அழுத்தினால் 'க்ளிக்' வருவதில்லை. மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. சர்வீஸுக்குக் கொடுக்க நேரமில்லை.

நேரம் ஒதுக்குங்கள், இன்றைக்கே. மூன்றும் ஒரே நோயின் அறிகுறி: பேட்டரி உப்பிவிட்டது. எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகி, வெளியே போக வழியில்லாமல் செல்லின் மெல்லிய உறையை ஊதிவிட்டிருக்கிறது. அது மேலே டச்பேடையும் கீழே மூடியையும் தள்ளுகிறது. அதனால்தான் நான்கு காலில் நின்ற லேப்டாப் இப்போது வயிற்றில் நிற்கிறது. அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் சமாசாரம். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், பழைய பேப்பர்காரர் தராசிலும் வைக்காதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த கம்பெனியுடையது. சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படையுங்கள்.

'குடித்தனக்காரன்', மதுரை
லேப்டாப் எந்நேரமும் ஓடுகிறது என்று வீட்டு ஓனர் கரண்டுக்கு மாதம் 500 ரூபாய் கூடக் கேட்கிறார். நியாயமா?

பேப்பர், பேனா எடுங்கள். சும்மா திறந்து கிடக்கும் சாதாரண லேப்டாப்புக்குச் சுமார் 15 வாட். நாள் முழுக்க என்றால் 0.36 யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 21.6 யூனிட். ஓனர் கணக்கில் இதற்கு 1,000 ரூபாய், அதாவது யூனிட் 46 ரூபாய். அந்த விலைக்கு மின்வாரியமே விற்பதில்லை. பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஒரு மணி நேரத்தில் இழுப்பதை லேப்டாப் ஐந்து மணி நேரம் வைத்துக்கொண்டு ஓட்டும். ஸ்லீப்பில் போட்டால் ஒரு வாட் அளவுதான், இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட வராது. ஆனால் உங்களுடையது விடிய விடிய விளையாடும் கேமிங் லேப்டாப் என்றால் கணக்கு பல மடங்கு ஏறும். வீட்டு மீட்டர் 500 யூனிட் விளிம்பில் இருந்தால், அந்த 21 யூனிட்டே அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடவும் கூடும். இந்தக் கடைசி இரண்டு வரியை ஓனரிடம் காட்ட வேண்டாம்.

'திடீர் கோடீஸ்வரன்', ஈரோடு
ராத்திரி சும்மா கிடக்கும் லேப்டாப்பில் பிட்காயின் மைனிங் ஓடவிட்டால் என்ன?

இட்லி வேகும் அளவுக்குச் சூடு கிடைக்கும். காயின் கிடைக்காது.

'தினமும் அணைப்பவன்', சேலம்
தவறாமல் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' 23 நாள் என்று காட்டுகிறது. பேய் வேலையா?

மைக்ரோசாஃப்ட் வேலை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்றையும் சேர்த்தார்கள். நீங்கள் ஷட் டவுன் கொடுத்ததும் உங்கள் செயலிகளையெல்லாம் மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவை மட்டும் இருந்தது இருந்தபடி டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். காலையில் புதிதாகத் தொடங்காமல் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். சீக்கிரம் எழுந்திருக்கும், ஆனால் நேற்றைய கோளாறோடு எழுந்திருக்கும். உண்மையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்'தான். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். தினமும் அணைக்கிற நீங்கள் 23 நாளாக அணைக்கவில்லை. அணைக்கவே அணைக்காத பக்கத்து வீட்டுக்காரர் நேற்று ஒரு ரீஸ்டார்ட் தட்டியிருந்தால், அவர் விண்டோஸ் உங்களுடையதைவிட இளையது.

'பொறுமை இழந்தவள்', திருநெல்வேலி
எதைக் கேட்டாலும் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்' என்கிறார் எங்கள் ஆபீஸ் ஐ.டி. பையன். வேறு வைத்தியமே தெரியாதா?

தெரியும். ஆனால் நாள்கணக்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல வைத்தியம் இன்னும் வரவில்லை. நீண்ட ஓட்டத்தில் முதலில் களைப்பது இரும்பு இல்லை, மென்பொருள். சில செயலிகள் வாங்கிய ரேமைத் திருப்பித் தருவதில்லை. அது கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். சில நிரல்கள் எண்ணிக்கொண்டே போய், எண்ண இடமில்லாமல் முட்டி நிற்கும்.

விண்டோஸ் 95-உம் 98-உம் ஆன் ஆன நொடியிலிருந்து மில்லி வினாடிகளை 32 பிட்டில் எண்ணின. அதில் அடங்குவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். கணக்குப் போட்டால் 49.7 நாள். அன்றைக்கு இயந்திரம் உறைந்துவிடும். 95-இல் வெளிவந்த விண்டோஸின் இந்தக் குறைக்கு 1999-இல்தான் மருந்து வந்தது. அந்த விண்டோஸ் 49 நாள் விழாமல் ஓடியது யாருக்குமே வாய்த்ததில்லை போலிருக்கிறது.

லேப்டாப்போடு போகவில்லை. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை போட்டது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கிவிடும், மொத்த மின்சாரமும் போகும், ஆகவே அதற்குள் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். நூறில் ஒரு வினாடியாக 31 பிட்டில் எண்ணிப் பாருங்கள், 248 நாளும் சொச்சமும் வரும். பல கோடி டாலர் விமானத்துக்கும் உங்கள் ஐ.டி. பையன் சொன்ன மருந்துதான்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. வளைகுடாப் போர், 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கம்ப்யூட்டர் 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடியிருந்தது. பத்தில் ஒரு வினாடியை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டி எழுதியதில் துளித் துளியாகச் சேர்ந்த பிழை அதற்குள் 0.34 வினாடி ஆகிவிட்டது. ஸ்கட் ஏவுகணைக்கு அது அரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். கம்ப்யூட்டர் தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நான்கு நாள் முன்னால்தான் படைகளுக்கு ஓர் எச்சரிக்கை போயிருந்தது: 'மிக நீண்ட நேரம்' ஓடினால் குறி தப்பும் என்று. எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

உங்கள் ஐ.டி. பையன் இனி 'வாரம் ஒரு முறை' என்று எண்ணோடு சொன்னால், மதியுங்கள்.

'பச்சைப் புள்ளி', சோழிங்கநல்லூர்
வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் சாட்டில் பச்சைப் புள்ளி மஞ்சளாகாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி வாங்கலாமா?

லேப்டாப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஸ்க்ரீன் மட்டும் வீணாக எரியும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதாகச் சொல்லி ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை நீக்கியது. மஞ்சள் புள்ளிக்குச் சமாதானம் சொல்லலாம், சிவப்புக் கடிதத்துக்குச் சொல்ல முடியாது.

'சுடும் பை', பெங்களூரு
வெள்ளி ராத்திரி மூடிப் பையில் வைத்து பஸ் ஏறினேன். காலையில் ஊரில் இறங்கினால் பை கொதிக்கிறது, சார்ஜ் 9 சதவீதம். மூடினால் தூங்க வேண்டாமா அது?

முன்பெல்லாம் தூங்கியது. இப்போதைய பல லேப்டாப்புகளில் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. செல்போன் பாணியில் கண்ணை மூடிக்கொண்டே மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். பைக்குள் காற்று ஏது? பஸ் ஏறுமுன் 'ஹைபர்னேட்' கொடுங்கள். ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். திறந்த ஜன்னல்களும் விட்ட இடத்திலேயே இருக்கும். மெனுவில் அது இல்லையென்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ஒளிந்திருக்கும்.

'விமானச் சத்தம்', சென்னை
வாங்கியபோது சத்தமே இல்லை. இப்போது பிரவுசர் திறந்தாலே ஃபேன் விமானம் கிளம்புகிறது. லேப்டாப் மாற்றும் நேரமா?

ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் நேரம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலாவது நின்று வேடிக்கை பாருங்கள். அடி மூடியைக் கழற்றி, ஃபேனைத் தூக்கினால், அதற்கும் ஹீட் சிங்க்கின் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும்: தலைமுடி, மெத்தைப் பஞ்சு, தெருப்புழுதி எல்லாம் அழுந்தி ஒன்றானது. கிடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அப்படியே உரிந்து வரும். பட்டை இருக்கும் வரை ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று வெளியே போகாது. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று நாம் புது லேப்டாப் விலை விசாரிப்போம். தூசி எடுத்து, காய்ந்து போன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் பாதிப் பேருக்குப் புது லேப்டாப் தேவைப்படாது. 'போர்டு போயிடுச்சு சார்' என்று திறக்காமலே சொல்கிற கடையிலிருந்து அமைதியாகக் கிளம்பிவிடுங்கள்.

'சுர்ர்ர்', நாகர்கோவில்
சார்ஜரில் இருக்கும்போது லேப்டாப்பின் உலோக ஓரத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. ஷாக்கா?

அநேகமாகக் கசிவு. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கரண்ட் உடலுக்கு வருகிறது. தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு நன்றாகவே தெரியும். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் செருகினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையவில்லையென்றால் சுவர் பாயின்ட்டில் எர்த் என்ற ஓட்டை மட்டும் இருக்கிறது, ஒயர் இல்லை என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுர்ரென்பதோடு நில்லாமல் கையைத் தூக்கிப் போட்டால் சார்ஜரைத் திரும்பவும் தொடாதீர்கள்.

'புது மாப்பிள்ளை', விருதுநகர்
மடியிலேயே வைத்து நெடுநேரம் வேலை செய்தால் வாரிசுக்கு ஆபத்தா?

2005-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 29 ஆண்களை உட்கார வைத்து அளந்தே விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சம்பந்தப்பட்ட இடத்தின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறியது. ஆனால் லேப்டாப்பே இல்லாமல் தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்தபோதே 2.1 டிகிரி ஏறியது. ஆகவே முழுப் பழியையும் லேப்டாப் மேல் போட முடியாது. மேசைக்கு மாறுங்கள், உங்களுக்கும் நல்லது, அடியில் காற்று போவதால் அதற்கும் நல்லது.

'பக்தன்', ஸ்ரீரங்கம்
ஆயுத பூஜை அன்றாவது லேப்டாப்பை அணைக்க வேண்டுமா?

கட்டாயம். ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாளாயிற்றே. வருடத்தில் ஒரு நாளாவது பலரும் லேப்டாப்பைத் துடைப்பது அன்றைக்குத்தான். சந்தனம், குங்குமம் மேல் மூடியில் மட்டும். கீபோர்டில் விபூதி தூவாதீர்கள். கற்பூரத் தட்டைச் சுற்றும்போது கொஞ்சம் தள்ளி நின்று சுற்றுங்கள். மறுநாள் விஜயதசமிக்கு ஆன் செய்யும்போது அப்டேட் ஓடும். வித்யாரம்பம் ஒரு மணி நேரம் தாமதமாகலாம்.

'வினாத்தாள்', புதுச்சேரி
அணைக்காமல் மிக நீண்ட காலமாக ஓடும் கம்ப்யூட்டர் எது?

வாயேஜர் விண்கலங்களில் இருப்பவை. இரண்டும் 1977-இல் கிளம்பின. இன்றைய கார் சாவியில் இருக்கும் நினைவகம்கூட இல்லாத கம்ப்யூட்டர்களோடு சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டன. 2023 நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரு சிப் போயிருந்தது. நாசா பொறியாளர்கள் அந்த சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் உட்கார வைத்து, 2024 ஏப்ரலில் பேச வைத்தார்கள். அப்போது ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். உங்கள் ஐ.டி. பையன் இரண்டு மணி நேரத்தில் வந்தால் கோபிக்காதீர்கள். இவ்வளவு நாள் ஓடுவதற்கு ஒரு காரணம் சிக்கனம்: மின்சாரம் வருடத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வர, தேவையில்லாத கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறார்கள். உங்கள் பிரவுசரில் திறந்து கிடக்கும் 60 டேபுக்கும் இதில் சேதி இருக்கிறது.

'அவசரம்', வேலூர்
இத்தனையும் படிக்கப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மேசை மேல் வையுங்கள். 80-இல் நிறுத்துங்கள். வாரம் ஒரு ரீஸ்டார்ட். உப்பினால் சர்வீஸுக்கு ஓடுங்கள். இதற்கும் பொறுமை இல்லையென்றால் அணைத்துவிட்டுப் போங்கள். அதுவும் சரியான விடைதான்.